எதிர்ப்பு அளவு பூஜ்யம்

"பயப்படாதீர்கள்" என்று ஒருவர் தேடி வந்து சொல்லும்வரை மருதப்பனுக்குப் பயம் என்ற ஒன்றே இருந்ததில்லை.

செம்பவாங்கில் நான்கறை வீடு, கப்பல் பட்டறையில் பெயிண்ட் இன்ஸ்பெக்டர் வேலை, ஒரே மகள் ரோஷினி. அவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுக்கப்போவதாகச் சொன்னாள்.

"அதுல என்ன சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார் மருதப்பன்.

"ஓவியம், சிற்பம் எல்லாம் பார்த்து, யார் செஞ்சாங்க, எதுக்குச் செஞ்சாங்க, ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு யோசிக்கிறதுப்பா."

"நல்லாதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். அவர் மனைவி பாக்கியலட்சுமி ஃபேரர் பார்க்கில் ஒரு பல் மருந்தகத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவர். "எத்தனை பஸ் மாறணும்?" என்று கேட்டார். ஒரே பஸ் என்று தெரிந்ததும் அவரும் சம்மதித்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் கலை வரலாற்றுக்கு எழுந்த மொத்த எதிர்ப்பும் அவ்வளவுதான்.

ஆனால் பல்கலைக்கழகம் இதை நம்பத் தயாராக இல்லை. அதன் பெயரைச் சொல்லவேண்டாம், சொன்னால் சொன்னவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தைரியம் சொல்வார்கள். கலை வரலாற்றுத் துறை அங்கே புதிது. ரோஷினியோடு சேர்த்து இருபத்து நான்கு பேர் கொண்ட முதல் அணி. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பெற்றோருக்கெல்லாம் மின்னஞ்சல் வந்தது: "பெற்றோர் நம்பிக்கையூட்டும் நிகழ்ச்சி. வருகை அவசியம். சிற்றுண்டி உண்டு."

மருதப்பன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மகள் படிக்கப்போகும் படங்களில் நாலைந்தையாவது காட்டுவார்கள் என்ற ஆசை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. முப்பது வருடம் கப்பல் கப்பலாக ஏறி இறங்கிய மனிதருக்கு அது ஒரு சிரமமில்லை.

துறைத் தலைவர் டாக்டர் சேவியர் மேடையேறினார். நல்ல உயரம், நல்ல குரல், துக்க வீட்டுக்கு வந்தவரைப்போல ஒரு முகம்.

"மதிப்புக்குரிய பெற்றோரே, உங்கள் மனவேதனையில் நாங்களும் பங்கேற்கிறோம்" என்று ஆரம்பித்தார். "பயப்படாதீர்கள். உங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்கமாட்டார்கள். இதை ஆதாரத்துடன் சொல்கிறேன். வெளிநாடுகளில் இதே பாடம் படித்த நூறு பேரைத் தேடிப் பிடித்தோம். அவர்களில் நாற்பத்தொரு பேர் வங்கியில் இருக்கிறார்கள். பதினெட்டுப் பேர் காப்பீட்டில். ஒருவர் உறைந்த கோழி இறக்குமதி செய்கிறார், மிகவும் நன்றாக இருக்கிறார். ஓவியத்தோடு தொடர்புள்ள வேலையில் இருப்பவர்கள் இரண்டே பேர். அந்த எண்ணிக்கையையும் குறைக்க முயற்சி எடுத்துவருகிறோம்."

திரையில் வரைபடங்கள் ஓடின. கம்பி கம்பியாக நீலம், கம்பி கம்பியாகப் பச்சை. எழுபது ஸ்லைடுகள் ஓடியும் ஓர் ஓவியம் வரவில்லை. மருதப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"ஐயா, படமெல்லாம் எப்பக் காட்டுவீங்க?"

டாக்டர் சேவியர் மேடையின் விளிம்புவரை வந்து, கனிவோடு அவரைப் பார்த்தார்.

"உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. முதலாண்டில் படங்கள் ஏறக்குறைய இல்லை என்று உறுதியளிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் சில தவிர்க்க முடியாமல் வரும். அவற்றையும் மாணவர்கள் குழுவாகத்தான் எதிர்கொள்வார்கள். யாரையும் ஒரு படத்தோடு தனியாக விட்டுவிடமாட்டோம்."

கைதட்டல் எழுந்தது. மருதப்பனும் மரியாதைக்குத் தட்டினார்.

வாசலில் கைபேசியில் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று இருந்தது. நிகழ்ச்சிக்கு முன் உங்கள் எதிர்ப்பு அளவு என்ன, நிகழ்ச்சிக்குப் பின் என்ன என்று இரண்டே கேள்விகள். மருதப்பன் இரண்டிலும் பூஜ்யம் போட்டார். கைபேசி ஏற்றுக்கொள்ளவில்லை. உதவிக்கு ஓடிவந்தவள் இனியா. கழுத்தில் மூன்று அட்டைகள் தொங்கின. பெற்றோர் நம்பிக்கைப் பிரிவின் மூத்த ஒருங்கிணைப்பாளர். வயது இருபத்தைந்துகூட இருக்காது.

"அங்கிள், சீரோ போட முடியாது லா. சிஸ்டம் ஒண்ணுல இருந்துதான் ஸ்டார்ட் ஆகும்."

"எனக்கு எதிர்ப்பே இல்லையேம்மா."

"அப்ப குறைஞ்சதா எப்படி அங்கிள் காட்டுறது? உங்களுக்குக் குறையலன்னா எங்க புரோகிராம் ஃபெயில்னு வந்துடும்."

ஒரு சின்னப் பெண்ணின் வேலைக்குத் தன்னால் பங்கம் வரவேண்டாம் என்று நினைத்தார் மருதப்பன். இனியாவே முன்பு எட்டு, இப்போது மூன்று என்று தட்டிவிட்டாள். அப்படித்தான் அவர் எதிர்ப்பாளர் ஆனார்.

பக்கத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த ரபியா உட்லண்ட்ஸ்காரர். அவர் மகனும் ரோஷினியின் அணிதான். கறி பஃப்பைத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டே மருதப்பனிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, நான் சந்தோஷமாத்தான் வந்தேன். ஆனா இத்தனை தடவை பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு சொல்றாங்கன்னா, உள்ள ஏதோ இருக்கு லா."

மறுவாரம் ரபியாவின் மகன் தளவாடப் போக்குவரத்துத் துறைக்கு மாறிவிட்டான். இன்னும் நான்கு பேர் அவன் பின்னால் போனார்கள். துறை அவசரமாகக் கூடி ஆராய்ந்தது. பெற்றோரின் பயத்தைத் தாங்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டதாகக் கண்டுபிடித்தது. நம்பிக்கையூட்டலை இரண்டு மடங்காக்கத் தீர்மானம் நிறைவேறியது.

அதன்படி இனியா வீடு வீடாகப் போனாள். செம்பவாங்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளிர்நீல நிறத்தில் ஒரு கையேட்டை இரு கைகளாலும் நீட்டினாள். அட்டையில் ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டிருந்தது. "உங்கள் பிள்ளை கலை வரலாறு படிக்கிறாள்: அடுத்து என்ன?" என்று தலைப்பு. பாக்கியலட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரோஷினிக்கு ஏதாவது ஆயிடுச்சாம்மா?"

"இல்ல ஆன்ட்டி, நல்லா இருக்காங்க. நீங்க தனியா இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன்."

"தனியா இல்லையே, இவரும் இருக்காரே" என்று கணவரைக் காட்டினார் பாக்கியலட்சுமி.

பிறகு பயிற்சி நடந்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினராக இனியாவே நடித்தாள். சோபாவில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, "பொண்ணு என்ன படிக்குது? ஓ, படம் பார்க்கிற படிப்பா? அதுக்கு என்ன வேலை கிடைக்கும்? எங்க பக்கத்து புளோக் பொண்ணு டாக்டருக்குப் படிக்குதே! உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானே?" என்று கேட்டாள். அந்த வீட்டுக்கு வந்துபோன உறவினர் எவரும் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. "பெரிய படிப்பா இருக்கே" என்று சொல்லிவிட்டு முறுக்கு தின்றவர்கள்தான். ஆனால் இனியா அபாரமாக நடித்தாள். பாக்கியலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. இனியா உடனே எழுந்து கையேட்டின் ஏழாம் பக்கத்தைத் திறந்து, கண் கலங்கும் தாய்க்குச் சொல்லவேண்டிய ஆறுதலை வாசித்தாள்.

அவள் போன பிறகு பாக்கியலட்சுமி மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க, நாம ஏதாவது தப்புப் பண்ணிட்டமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் மருதப்பன். சொல்லிக்கொண்டே கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒன்றுமில்லாததற்கா இத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு அலைகிறார்கள்? மறுநாள் மருந்தகத்திலிருந்து பாக்கியலட்சுமி பல் மருத்துவ உதவியாளர் படிப்புக்கான துண்டறிக்கையைக் கொண்டுவந்தார். அதை மகளிடம் கொடுக்கும் பொறுப்பு மருதப்பன் தலையில் விழுந்தது.

வீடு இருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்துக் கோப்பிக் கடையில் வைத்து அதை மேசையில் நகர்த்தினார். "அம்மாடி, சும்மா ஒரு பார்வை பாரு. கட்டாயம் ஒண்ணுமில்ல."

ரோஷினி துண்டறிக்கையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி நல்லாதானே இருக்குன்னு சொன்னீங்க."

மருதப்பன் துண்டறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க பேட்ச்ல இப்ப எத்தனை பேர் தெரியுமாப்பா? ஒன்பது. எல்லாரோட அப்பா அம்மாவும் நல்லாத்தான் இருந்தாங்க, இவங்க போய்த் தைரியம் சொல்ற வரைக்கும். புதுசா வர்ற பேட்ச்சையும் சேர்த்து இருபது பேர் இல்லைன்னா துறையையே மூடிடுவாங்களாம். எங்களை ஈவென்ட் மேனேஜ்மென்ட்டுக்கு மாத்திடுவாங்களாம். நான் பலூன் கட்டணும்பா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இது பிடிச்சிருக்குப்பா. ஒரு படத்துக்கு முன்னாடி நின்னா எனக்கு நேரம் போறதே தெரியல. இது வேணும் எனக்கு."

மருதப்பன் துண்டறிக்கையை நான்காக மடித்துக் கோப்பிக் குவளைக்கு அடியில் வைத்தார். மகள் அழுததைவிட, அதற்குத் தான் காரணமாகிவிட்டதுதான் அவரைச் சுட்டது. "அப்படி என்னதான் பார்க்கிற? எனக்கும் காட்டேன்" என்றார். முதல் நாளிலிருந்து அவர் கேட்டுவந்ததும் அதுதான்.

சனிக்கிழமை நகரத்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததும் டாக்டர் சேவியரின் கட்டாயமில்லாத சனிக்கிழமை வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் ஒரு பெரிய ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நிற்பது வாடிக்கையாளர் சந்திப்புகளுக்குத் தேவையான கால்வலுவை எப்படி வளர்க்கிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பாவும் மகளும் ஓசைப்படாமல் அடுத்த அறைக்கு நழுவினார்கள்.

ரோஷினி காட்ட நினைத்த படம் அங்கேதான் இருந்தது. பழைய காலத்துத் தண்ணீர்க் குழாய். வரிசையில் பெண்கள், காலடியில் வாளிகள். அதிகம் பேர் கேள்விப்படாத ஓவியர் ஒருவர் வரைந்தது. எதிரில் ஒரு பெஞ்சு. மருதப்பன் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து பார்த்தார். சாப்பாட்டுக் கடை மேசையில் எல்லாரும் செய்வதுபோல டிஷ்யூ பாக்கெட்டைப் பெஞ்சில் வைத்து இடம் பிடித்துவிட்டு, படத்தின் பக்கவாட்டில் போய், சுவரோரமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். காவலாளி ஓரடி முன்னால் வந்தார்.

"ரோஷினி, பொம்பளைங்க எத்தனை?"

"அஞ்சு."

"வாளி?"

அவள் எண்ணினாள். "ஆறு."

"இங்க வந்து பாரு. இந்த இடத்துல மட்டும் பெயிண்ட் தடிப்பா இருக்கு. கீழ இருக்கிற பூச்சோட விளிம்பு மேல தெரியுது. கப்பலுக்குப் புதுப் பேர் வைக்கும்போது பழைய பேர் மேல பூசுவாங்க. நேரா நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. சாய்ச்சுப் பார்த்தா பழைய பேர் அப்படியே நிக்கும். இங்க ஒருத்தி இருந்திருக்கா. வரைஞ்சிட்டு மேல பூசிட்டாரு."

"பூசினவர் வாளிய மட்டும் ஏன் விட்டாரு?"

"மறந்துட்டாரு."

"ஆதாரம்?" என்றாள் ரோஷினி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

ஆதாரம் இல்லை. மருதப்பன் பெஞ்சுக்குத் திரும்பினார். ஒரு வெளிநாட்டுத் தம்பதி, உட்கார இடமில்லாமல், டிஷ்யூ பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மறக்கலடி. அவ வாளிய வச்சு இடம் பிடிச்சிட்டுப் போயிருக்கா! வீட்டுல அடுப்புல ஏதோ இருந்திருக்கும். இவரும் முதல்ல அவளை வரிசையில நிக்கவச்சிட்டு, அப்புறம், சரி நீ போய்ப் பார்த்துட்டு வாம்மான்னு அனுப்பிட்டாரு."

ரோஷினி வாயைப் பிளந்தாள். பிறகு அரை மணி நேரம் இருவரும் சண்டை போட்டார்கள். போனவள் திரும்பி வந்தாளா, மற்ற ஐவரில் யார் அவளுடைய வாளியைக் காலால் நகர்த்தப் பார்க்கிறாள், கடைசியில் நிற்பவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள் என்று. காவலாளி இரண்டுமுறை உதட்டில் விரல் வைத்தார்; மூன்றாம் முறை அவரும் வந்து வாளிகளை எண்ணினார். வீடு திரும்பும் ரயிலில் மருதப்பனுக்கு வெகுநாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. மகள் படிப்பது என்ன என்று அவருக்கு இப்போது தெரியும். பயப்பட அதில் ஒன்றுமில்லை.

மாணவர் சேர்க்கைக்கான திறந்த நாள் நெருங்கியது. ஒரு காலை செம்பவாங் ரயில் நிலையத்தின் தூணில் மருதப்பன் தன்னையே பார்த்தார். தலைக்கவசம், கையில் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி. செய்திமடலுக்கு என்று சொல்லி இனியா எடுத்த படம். கீழே கொட்டை எழுத்தில்: "முதலில் எதிர்த்தேன். இன்று பெருமைப்படுகிறேன். மருதப்பன், தொழிலாளி, தந்தை."

பட்டறையில் அன்று முழுக்க அதே பேச்சு. கூட வேலை பார்க்கும் முகமது யூசுப் சாப்பாட்டு நேரத்தில் தோளில் கை போட்டார். "ஏன்டா மருதா, பெத்த பொண்ணப் படிக்கவிடாம அழவச்சியாமே? பார்த்தா அப்படித் தெரியலையே உன்ன."

மருதப்பன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டர் சேவியரின் அறைக்குப் போனார். சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. படம் இல்லை.

"டாக்டர், நான் எதிர்க்கவே இல்லையே."

டாக்டர் சேவியர் கோப்பைத் திறந்தார். "எட்டு என்று பதிவாகியிருக்கிறது."

"அது அந்தப் பொண்ணு போட்டது."

"இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எதிர்க்காத அப்பாவை வைத்துக்கொண்டு நாங்கள் யாரை மனம் மாற்றியதாகச் சொல்வது? பெற்றோர் நம்பிக்கைப் பிரிவில் ஏழு பேர் இருக்கிறார்கள். கற்பிக்கும் பிரிவில் இரண்டு பேர். உங்களைப் போன்றவர்கள் பயப்படாமல் இருந்தால் அந்த ஏழு பேரின் எதிர்காலம் என்ன? அவர்களில் ஒருவர் கலை வரலாறு படித்தவர். அவருக்கு வேறெங்கே வேலை கிடைக்கும்?"

மருதப்பனின் பார்வை ஆணியிலேயே இருந்தது. டாக்டர் சேவியர் அதைக் கவனித்தார்.

"அங்கே ஒரு படம் இருந்தது" என்றார், குரலைத் தாழ்த்தி. "வரும் அதிகாரிகள் அதைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. கூட்டத்தின் நோக்கம் சிதறுகிறது என்று குறிப்பு எழுதினார்கள். கழற்றிவிட்டேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அச்சடித்த இரண்டு தாள்களை நீட்டினார். திறந்த நாளில் மருதப்பன் வாசிக்கவேண்டிய உரை. "இன்னும் பதினொரு பேர் சேராவிட்டால் துறை இல்லை. உங்கள் மகளின் படிப்பும்தான்."

வேறு வழியில்லாமல் மருதப்பன் தாள்களை வாங்கிக்கொண்டார்.

திறந்த நாளன்று அரங்கத்தில் நூறு பேருக்குமேல் பெற்றோர். டாக்டர் சேவியர் தொடக்கத்திலேயே பயப்படாதீர்கள் என்று நான்குமுறை சொன்னார். இரண்டு குடும்பங்கள் எழுந்து கணினித் துறை அரங்கத்துக்குப் போய்விட்டன. மூன்றாவது வரிசையில் ரோஷினி, நகத்தைக் கடித்துக்கொண்டு. பக்கத்தில் பாக்கியலட்சுமி, மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு. மருதப்பன் ஒலிபெருக்கி முன்னால் போய்த் தாளைப் பிரித்தார்.

"நான் ஒரு சாதாரணத் தொழிலாளி" என்று வாசித்தார். "படம் என்றாலே எனக்குப் பிடிக்காது. என் மகள் கலை வரலாறு படிக்கப்போவதாகச் சொன்ன அன்று..."

அதற்கு அடுத்த வரியில் அவர் தட்டைத் தூக்கி எறியவேண்டும். ரசம் ஊற்றிக்கொண்டதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவது வரிசையில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை பேர் முன்னால் தன் அப்பா அப்படிப்பட்டவரில்லை என்று அவளுக்குச் சொல்லவேண்டும்போல இருக்கும், பாவம். மருதப்பன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க, இதுல எழுதியிருக்கிறது நடக்கல. நான் ஒரு படத்தைப் பத்திச் சொல்றேன். அந்தப் படத்தைக் கொஞ்சம் திரையில போடுறீங்களா?"

இனியா கணினியில் தேடினாள். கலை வரலாற்றுத் துறையின் கணினியில் ஓவியம் எதுவும் இல்லை. ரோஷினி ஓடிவந்து தன் கைபேசியிலிருந்து போட்டாள். தண்ணீர்க் குழாயும் ஐந்து பெண்களும் சுவரளவுக்கு எழுந்து நின்றார்கள். மருதப்பன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எண்ணிப் பாருங்கள் என்றார். நூறு பேர் எண்ணினார்கள். தடித்த பூச்சைப் பற்றிச் சொன்னார், கப்பலின் பழைய பெயரைப் பற்றிச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துப் பேச்சு மேடைமேல் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு நொடி கழித்து அரங்கம் முழுக்கச் சிரிப்பு.

பின் வரிசையில் ஒரு சீனப் பெரியவர் எழுந்து, வாளி வைத்து இடம் பிடித்தால் தங்கள் தெருவில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், ஆள் நிற்கவேண்டும் என்றார். ஒரு மலாய்ப் பெண்மணி, தங்கள் கம்பத்துக் கிராமத்தில் வாளியென்ன, ஒரு கல்லை வைத்தாலே போதும் என்றார். இன்னொருவர், போனவள் திரும்பி வரவேயில்லை, அதனால்தான் கடைசிப் பெண் முகத்தைத் திருப்பியிருக்கிறாள் என்றார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். இனியா நேரமாகிவிட்டது என்று காட்டும் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சேவியர் மேடையின் ஓரத்தில் தலையைச் சாய்த்து நின்றார். அவர் முகத்தில் துக்க வீட்டுக் களை போய்விட்டிருந்தது.

மருதப்பன் பேசியது மொத்தம் பதினொரு நிமிடம். அன்று மாலைக்குள் இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். துறை பிழைத்தது. ரோஷினி அரங்க வாசலில் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தமுறை மருதப்பனுக்கும் கண் நிறைந்துவிட்டது. பாக்கியலட்சுமி கைப்பையிலிருந்து பல் மருத்துவத் துண்டறிக்கைகள் மூன்றை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் பல்கலைக்கழகம் வெற்றியைச் சும்மா விடுமா? ஆறு பேர் கொண்ட குழு அமைத்து ஆராய்ந்தது. பெற்றோரின் மனமாற்றத்துக்குக் காரணங்கள் இரண்டு என்று அறிக்கை வந்தது: ஒன்று, பதினொரு நிமிடம், இரண்டு, டிஷ்யூ பாக்கெட். "மருதப்பன் முறை" என்று அதற்குப் பெயரிட்டார்கள். பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த டிஷ்யூ பாக்கெட்டுகள் ஐயாயிரம் அச்சாயின. இனி எந்தத் துறையின் மேடையில் யார் பேசினாலும் இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். மறு ஆண்டுத் திறந்த நாளில் பேச அழைத்தபோது மருதப்பனுக்கும் அதே கடிதம்தான் வந்தது. விதி எல்லாருக்கும் ஒன்று என்றாள் இனியா, மிகவும் வருத்தத்தோடு. கழுத்தில் இப்போது நான்கு அட்டைகள்.

மருதப்பன் போனார். மகளின் ஆய்வேடு அந்த ஆறாவது பெண்ணைப் பற்றித்தான். துறையோடு மல்லுக்கட்ட அவருக்கு மனமில்லை. வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் பயிற்சி நடத்தினார். மூன்றாம் நிமிடத்தில் தயக்கம், ஐந்தாம் நிமிடத்தில் தொழில் அனுபவம், ஏழாம் நிமிடத்தில் தன்னியல்பான சிரிப்பு, ஒன்பதில் டிஷ்யூ. கடைசி நாள் தேர்வு. கலைக்கூடத்தில் அதே படத்தின் முன்னால் மருதப்பன் பதினொரு நிமிடம் நின்று பேசினார். பெஞ்சில் நிபுணரும் டாக்டர் சேவியரும் இனியாவும் வரிசையாக உட்கார்ந்து, கட்டம் கட்டமாக மதிப்பெண் போட்டார்கள். சிரிப்பு ஒரு நிமிடம் முந்திவிட்டது. பத்துக்கு நான்கு கிடைத்தது. "மருதப்பன் முறையை இவர் இன்னும் உள்வாங்கவில்லை" என்று குறிப்பு.

ரோஷினிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்க பேர்ல இருக்கிற முறைல உங்களுக்கே ஃபெயிலா? அப்பீல் போடுங்கப்பா!" என்று அவளே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தாள்.

பத்து நாள் கழித்து ஓர் உறை வந்தது. மருதப்பன் முறை தொடர்பான மேல்முறையீடுகளை விசாரிக்கும் குழுவுக்கு, முறையின் மூலவர் என்ற மரியாதைக்காக, மருதப்பனையே தலைவராக நியமித்திருந்தார்கள். தீர்ப்புக்கு வந்திருக்கும் முதல் மனுவும் உள்ளேயே இருந்தது. அது அவருடையதுதான்.

"எழுதுங்கப்பா, பத்துக்குப் பத்துன்னு" என்றாள் ரோஷினி. "யார் கேக்கப் போறா?"

மருதப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை முதலிலிருந்து வாசித்தார். தேர்வு நாளைத் திரும்ப நினைத்துப் பார்த்தார். பட்டறையில் ஒரு பூச்சைத் தேறியது என்றோ தேறவில்லை என்றோ எழுதுவதற்கு முன் அவர் எப்போதும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டார். பிறகு காரணம் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார்:

"மனு தள்ளுபடி. மதிப்பெண் நான்கு என்பதே அதிகம். மனுதாரர் அன்று பதினொரு நிமிடமும் படத்தைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களும் படத்தைப் பார்க்கவில்லை."